மூட்டுவலி உள்ள அம்மாவோடு ஒலிம்பிக் மழைக்காடு: எந்தப் பாதை, எந்த நேரம்?

கேள்வி: சியாட்டில் பக்கம் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 66, மூட்டுவலி உண்டு. சமதரையில் ஒன்றரை கிலோமீட்டர் நடப்பார், ஏற்றம் என்றால் திணறுவார். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் மழைக்காட்டைக் காட்ட ஆசை. எல்லோரும் அங்கே ‘ஹோ’ மழைக்காட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரே நாளில் போய்வர முடியுமா? மழை பெய்தால் என்ன செய்வது? அட்டை, பாம்பு என்று அம்மா இப்போதே பயப்படுகிறார்.

பதில்: அம்மாவால் நடக்க முடியுமா என்பதில் எனக்குக் கவலையே இல்லை. அந்தக் காட்டில் சுலபமான பாதைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் திட்டத்தில் சிரமமான பகுதி கார் பயணம்தான். சியாட்டிலிலிருந்து ஹோ போகச் சுமார் நாலு மணி நேரம், திரும்ப நாலு மணி நேரம். அவ்வளவு நேரம் மடங்கியே இருந்த மூட்டு, இறங்கியதும் நட என்றால் முரண்டு பிடிக்கும். ஒரே நாள் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஓர் இரவு தங்குங்கள். முதலில் குவினால்ட் ஏரியை ஒட்டிய மழைக்காடு, மறுநாள் காலையில் தெம்பு இருந்தால் ஹோ.

குவினால்ட் ஏரி சியாட்டிலிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒலிம்பியா வரை நெடுஞ்சாலை, அப்புறம் அபர்டீன் வழியாக 101-ஆம் எண் சாலையில் வடக்கே போக வேண்டும். வழியில் ஒலிம்பியாவிலும் அபர்டீனிலும் கட்டாயம் நிறுத்தி, அம்மாவைப் பத்து நிமிடம் நடமாட விடுங்கள். பெட்ரோலும் சாப்பாடும் அபர்டீனிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

ஹோவில் உள்ள அதே வகை மரங்கள், அதே பாசி, ஏறத்தாழ அதே மழை இங்கேயும் உண்டு. கூட்டம் மட்டும் மிகக் குறைவு. ஏரியின் வடகரைச் சாலையில் பூங்காவின் ரேஞ்சர் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து ‘மேப்பிள் கிளேட்’ பாதை தொடங்குகிறது. அரை மைல், அதாவது 800 மீட்டர் சுற்று. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு சிற்றோடையைப் பாலத்தில் கடந்தால் பாசி தொங்கும் மேப்பிள் மரங்களுக்கு நடுவே நிற்பீர்கள். உங்கள் அம்மாவுக்கு நான் ஒரே ஒரு பாதையைத்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். முடித்த பிறகும் அப்பாவுக்குக் கால் துறுதுறுக்கிறது என்றால், அங்கிருந்தே பழைய குடியேறிகளின் பண்ணைவீட்டைச் சுற்றிவரும் கெஸ்ட்னர் பாதை இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதுவும் சமதரைதான்.

தென்கரையில் வனத்துறையின் ‘ரெயின் ஃபாரஸ்ட் நேச்சர் டிரெயில்’ இருக்கிறது. இதுவும் அரை மைல் சுற்று. ஓடைப் பள்ளத்தை ஒட்டிப் போவதால் சிறு ஏற்ற இறக்கங்கள் உண்டு. அம்மாவின் கால் அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நடக்கவே முடியாத நிலை வந்தாலும் வீணாகப் போன நாள் என்று ஆகாது. அதே தென்கரையில், சாலையிலிருந்து சில நிமிட நடையில் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்று நிற்கிறது. உயரம் 191 அடி, அடிமரத்தின் சுற்றளவு 18 மீட்டரை ஒட்டி வரும். உலகிலேயே பெரிய ஸ்ப்ரூஸ் இதுதான் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ‘உலகிலேயே’ என்று தொடங்கும் பலகைகளை நான் பொதுவாக நம்புவதில்லை. ஆனால் அதன் அடியில் போய் நின்றால் வாதாடத் தோன்றாது.

தங்குவதற்கு ஏரிக்கரையில் 1926-இல் கட்டிய லேக் குவினால்ட் லாட்ஜ் இருக்கிறது. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1937-இல் இங்கே வந்தார். மறு வருடமே ஒலிம்பிக் தேசியப் பூங்காச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜூனில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பதியும்போதே தரைத்தளத்தில் அறை கேட்டுவிடுங்கள்.

சரி, ஹோ. எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். அங்கே பெயர் பெற்ற ‘ஹால் ஆஃப் மாஸஸ்’ 0.8 மைல், அதாவது 1.3 கிலோமீட்டர் சுற்று. தூரம் அம்மாவின் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே சுமார் 100 அடி ஏற்றம் வருகிறது. அதைக் கடந்தால் மற்றது பெரும்பாலும் சமம். மெல்ல, நின்று நின்று ஏறினால் முடியும். ஊன்றுகோல் இருந்தால் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே வினை.

ஏற்றமே வேண்டாம் என்றால் பக்கத்திலேயே ‘ஸ்ப்ரூஸ் நேச்சர் டிரெயில்’ இருக்கிறது. 1.2 மைல், சுமார் 1.9 கிலோமீட்டர். நீளம் கூடுதல், ஆனால் ஏறக்குறைய சமதரை. ஹோ ஆற்றங்கரை வரை கூட்டிப்போகும். ஆற்று நீர் பால் கலந்தாற்போல இருக்கும். மேலே ஒலிம்பஸ் மலையின் பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவு அது. வரும் வழியில் நீங்கள் கடக்கும் டாஃப்ட் ஓடையின் நீரோ கண்ணாடிபோலத் தெளிவு, அடியில் அலையும் பச்சைக் கொடிகள்கூடத் தெரியும். இரண்டையும் ஒரே நடையில் பார்ப்பது இந்தப் பாதையின் சிறப்பு. முழுச் சுற்றும் முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். பார்வையாளர் மையத்தை ஒட்டி, சக்கர நாற்காலி போகும்படியான குட்டிப் பாதை ஒன்றும் இருக்கிறது.

ஹோவின் பிரச்சினை பார்க்கிங். கோடையில் இடம் நிரம்பியதும் ஒரு வண்டி வெளியே வந்தால்தான் ஒரு வண்டியை உள்ளே விடுவார்கள். நண்பகலில் போனால் வாசலிலேயே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரிடும். அந்த வரிசையில் கழிப்பறை இல்லை என்பதை அப்பா அம்மாவோடு போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டும். குவினால்ட்டிலிருந்து ஹோவுக்கு ஒன்றரை மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் போய்விடலாம். காலையில் முடியாவிட்டால் மாலை நாலு, ஐந்து மணிக்கு மேல் போங்கள். ஜூனில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

போகும் முன் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். ஹோவுக்குப் போகும் ஒரே சாலையை 2024 டிசம்பரில் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. 2025 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். குவினால்ட்டின் வடகரைச் சாலையும் அவ்வப்போது இப்படி அடைபடுவது உண்டு.

எந்தப் பாதையானாலும் வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் ‘எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறதே’ என்று தோன்றிவிடும். 800 மீட்டருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவின் நடை வேகம் உங்களுக்கு வசதிதான். விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தின் பக்கத்தில் நின்று அதன் முதுகைப் பாருங்கள். பாசி மெத்தையின் மேல் விரல் உயரத்தில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கும். தரையில் பாசியும் பெரணியும் இண்டு இடுக்கு விடாமல் மூடியிருப்பதால் விதைகள் தலை தூக்க முடிவதில்லை. விழுந்த மரம் அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் வைக்கிறது. கன்றுகள் வளர வளர வேர்கள் கட்டையின் இரு பக்கமும் வழிந்து மண்ணைத் தொடுகின்றன. நூற்றாண்டுகள் கழித்துக் கட்டை மக்கிப் போய்விடும், மரங்கள் மட்டும் நிற்கும். அதனால்தான் அந்தக் காட்டில் பெரிய மரங்கள் யாரோ கயிறு பிடித்து நட்டதுபோல ஒரே நேர்கோட்டில் நிற்பதையும், சிலவற்றின் அடியில் குனிந்து நுழையும் அளவுக்குப் பொந்து இருப்பதையும் பார்ப்பீர்கள். அந்தப் பொந்துதான் தாய்க்கட்டை இருந்த இடம்.

அப்புறம் மேப்பிள் மரங்களில் தொங்கும் பாசி. மரத்தை உறிஞ்சிக் கொல்கிறதோ என்று அப்பா கேட்பார், பெரும்பாலும் எல்லோரும் கேட்பது அது. அப்படி இல்லை. பாசிக்கு வேண்டிய நீரும் சத்தும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகின்றன. வருடக்கணக்கில் கிளை மேல் சேர்ந்த பாசி மக்கி மண்ணாகிறது. அந்த மண்ணைத் தேடி மேப்பிள் மரம் தன் கிளையிலிருந்தே வேர் விடுகிறது. சூழலியலாளர் நளினி நட்கர்னி இந்தப் பகுதியின் மரங்களில் ஏறி இதைக் கண்டறிந்து 1981-இல் எழுதினார். அதுவரை தரையில் நின்று பார்த்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

இத்தனைக்கும் காரணம் மழை. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒலிம்பிக் மலைகளில் முட்டி மேலேறிக் குளிர்வதால், ஹோ பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 140 அங்குலம் மழை பெய்கிறது. அதே மலைக்கு மறுபுறம் உள்ள ஸ்குவிம் ஊரில் 16 அங்குலத்தை ஒட்டித்தான். பெரும்பகுதி மழை நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டித் தீர்த்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஜூன் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, ஆனால் பாசி கொஞ்சம் காய்ந்து நிறம் மங்கும், கூட்டமும் அப்போதுதான் உச்சம். மே கடைசி, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் இவற்றையே நான் சொல்வேன்.

மழை பெய்தால் போங்கள், நிற்காதீர்கள். தூறலில்தான் அந்தக் காடு அழகு. குடை பிடித்துக்கொண்டு நடக்க இந்தக் குட்டிப் பாதைகளில் தடையே இல்லை, மலையேறிகள் சிரித்தால் சிரிக்கட்டும். மழை விட்ட பிறகும் மரங்கள் வெகுநேரம் சொட்டும். அதனால் வெயில் அடித்தாலும் மழைச் சட்டை கையில் இருக்க வேண்டும். ஜூன் பகலில் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும், நிழலில் இன்னும் குளிரும். பருத்தித் துணியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது. அம்மா புடவையில் வருவார் என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், உள்ளே வெப்பம் காக்கும் லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம். செருப்பு மட்டும் வேண்டாம். பிடிப்புள்ள ரப்பர் அடி கொண்ட ஷூ கட்டாயம். வழுக்குவது மண்ணில் அல்ல, பெரும்பாலும் ஈரமான மரப்பாலத்திலும் வெளியே தெரியும் வேர்களிலும்தான். அங்கே அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் பயந்தால், அந்தப் பாதைகளில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டை கிடையாது. விஷப்பாம்பும் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் விரியன்கள் காஸ்கேட் மலைக்குக் கிழக்கே உள்ள வறண்ட பகுதியோடு சரி. பாதையில் மஞ்சளாக, விரல் நீளத்துக்கும் மேலாக ஏதாவது ஊர்ந்தால் அது வாழைப்பழ நத்தை, ஓடு இல்லாதது, கடிக்காது. மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. கருங்கரடி உண்டு, கூட்டமாகப் போகும் குட்டிப் பாதையில் எதிர்ப்படுவது அரிது.

நான் எச்சரிப்பது எல்க் மானைப் பற்றி. ஆண் எல்க் 400 கிலோகூட இருக்கும், பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஜூனில் குட்டியோடு நிற்கும் பெண் எல்க்குக்கு அந்தச் சாதுத்தனம் கிடையாது. 50 கஜம், அதாவது 45 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. செல்ஃபிக்காக அப்பாவை முன்னால் அனுப்பாதீர்கள். பலத்த காற்று வீசும் நாளில் காட்டுக்குள் போகவே வேண்டாம், மேலே முறிந்து தொங்கும் கிளைகள் விழும். வழியில் ரூபி கடற்கரையில் இறங்கினால் கரையில் கிடக்கும் ராட்சதக் கட்டைகளின் மேல் ஏறி நிற்கக் கூடாது. ஓர் அலை வந்தால் அவை மிதந்து உருளும், ஆளை நசுக்கியிருக்கின்றன.

செலவு: பூங்கா நுழைவு ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சீனியர் பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும்தான், சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்குக் கிடைக்காது. குவினால்ட் தென்கரைப் பாதை வனத்துறையுடையது, அங்கே வண்டி நிறுத்த வனத்துறை பாஸ் தனி, ஒரு நாளுக்கு 5 டாலர். நாடு முழுவதும் செல்லும் ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ ஆண்டுப் பாஸ் உங்களிடம் இருந்தால் அது இரண்டுக்கும் செல்லும்.

ஹோவில் போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள், சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள். திரும்பும்போது வந்த வழியே வராமல் ஃபோர்க்ஸ், கிரெசென்ட் ஏரி, போர்ட் ஏஞ்சலஸ் என்று சுற்றிக் கிங்ஸ்டனுக்கோ பெயின்பிரிட்ஜுக்கோ வந்து காரோடு படகில் ஏறினால், அம்மா காலை நீட்டி உட்கார அரை மணி நேரம் கிடைக்கும். கோடை ஞாயிறு மாலை அந்தப் படகுத்துறைகளில் வரிசை நீளும், அதனால் பயணத்தை முடிந்தவரை வார நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.