இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணிக்கு எதிரான கத்தோலிக்கச் சதிகள் உண்மையா, ஒற்றர்கள் ஜோடித்தவையா?

ஏதோ ஒரு தொடரை ஒரே இரவில் பார்த்து முடித்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன். இப்போது இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஊரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட்டின் தலையை வெட்டிய இடம் இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. வரலாறு படித்தவன் இல்லை, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வேறொரு தகுதி இருக்கிறது. அது பின்னால் வரும்.

கமெண்டில் யாராவது கிளப்புவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், நான் ஆர்.சி.தான். அதற்காக மேரிக்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை. பதில் சுருக்கமாக: சதி உண்மை, பொறியும் உண்மை.

பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எலிசபெத்தின் அக்கா மேரி வேறு, இந்த ஸ்காட்லாந்து மேரி வேறு. இவள் எலிசபெத்துக்கு அத்தை பேத்தி. எலிசபெத் புராட்டஸ்டன்ட், இவள் கத்தோலிக்கர். கத்தோலிக்கர் கணக்கில் எலிசபெத்தின் அம்மா ஆன் போலினுக்கு நடந்தது கல்யாணமே இல்லை, அப்பா எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரின் உயிரோடு இருந்தாளே. அப்படியானால் எலிசபெத்துக்கு அரியணை உரிமை கிடையாது, அடுத்த வாரிசு மேரி. அந்த மேரி 1568-ல் சொந்த நாட்டில் பதவி இழந்து, அடைக்கலம் கேட்டு இங்கிலாந்துக்கே வந்து நின்றாள். உள்ளே விட்டாலும் ஆபத்து, வெளியே விட்டாலும் ஆபத்து. 19 வருஷம் காவலில் வைத்தார்கள்.

அதற்குள் எத்தனை? 1569-ல் வடக்கே பிரபுக்களின் கலகம். 1570-ல் போப் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவளுக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று ஆணை போட்டார். என் கோபம் முதலில் இந்த ஆணை மேல்தான். ரோமில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது சுலபம். யார்க் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை அரசாங்கக் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று முதல் தேசத்துரோகியாகப் பார்க்கப்பட்டான். 1581-ல் அபராதம் மாதம் 20 பவுண்டு ஆனது. சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 1586-ல் அதே யார்க்கில் மார்கரெட் கிளித்ரோ என்ற கசாப்புக்கடைக்காரரின் மனைவியை, குருக்களை ஒளித்து வைத்தாள் என்று பிடித்து, பாரம் ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். அவள் எந்தச் சதியிலும் இல்லை.

சரி, சதிக்கு வருகிறேன். 1571-ல் ரிடோல்ஃபி என்ற ஃபுளோரன்ஸ் வங்கிக்காரர் ஸ்பெயின் படையை இறக்குவதாகத் திட்டம் போட்டார். படை வரவில்லை, அதில் சேர்ந்த இங்கிலாந்தின் நார்ஃபோக் பிரபுவின் தலைதான் போனது. 1583-ல் த்ரோக்மார்ட்டன் சதி. அதில் கையும் களவுமாக மாட்டிய ஸ்பெயின் தூதர் மெண்டோசாவை நாட்டை விட்டே துரத்தினார்கள். 1584-ல் கடலுக்கு அந்தப் பக்கம் டெல்ஃப்ட் நகரில், புராட்டஸ்டன்ட் தலைவர் ஆரஞ்சு வில்லியத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்து சுட்டுக் கொன்றான் ஒருவன். அதற்குப் பிறகு எலிசபெத்தின் ஆட்கள் தூங்கியிருக்க முடியுமா? இதையெல்லாம் ஒற்றர்கள் ஜோடித்தது என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் 1586 வேறு மாதிரி. அதுதான் எனக்கு வலிக்கும் இடம்.

நான் எட்டாம் வகுப்பு படித்தது தெற்கே ஒரு விடுதிப் பள்ளியில். எழுதும் கடிதங்களை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும், அவர் படித்துவிட்டுத் தபாலில் போடுவார். எனவே எல்லோரும் ‘இங்கு அனைவரும் நலம்’ என்றே எழுதுவோம். திடீரென்று ஒரு நாள் பால் கொண்டுவருபவர் என்னிடம், “தம்பி, வீட்டுக்கு ஏதும் எழுதணும்னா குடு, வெளிய போட்டுருதேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் அவர் வழியாக அக்காவுக்கு எழுதினேன். சோற்றுப் பருக்கை வைத்து இன்லேண்டை ஒட்டி, காலி பால் கேனின் மூடிக்குள் செருகிவிடுவேன். கடைசிக் கடிதத்தில், ஆண்டுவிழா இரவில் நாங்கள் மூன்று பேர் பின்சுவர் ஏறி ரயில் பிடிக்கப்போவதை எழுதினேன். சுவரில் கால் வைத்ததும் டார்ச் வெளிச்சம். வார்டன் கேட்டார்: “என்னலே, சாம்பாரு தண்ணியா இருக்குன்னு எழுதத் தெரியுதுல்லா?” அந்த வரி கடிதத்தில் இருந்தது.

இப்போது சார்ட்லி மாளிகையைப் பாருங்கள். 1585 கடைசியில் மேரியை அங்கே மாற்றியிருந்தார்கள். காவல் பொறுப்பாளர் பாலெட் அவளுடைய ரகசியக் கடிதப் போக்குவரத்தை முழுக்க அடைத்துவிட்டார். அப்போது கில்பர்ட் கிஃபர்டு என்ற கத்தோலிக்க இளைஞன் வந்து புது வழி காட்டினான். பர்ட்டன் ஊரிலிருந்து பீர் கொண்டுவரும் பீப்பாயின் அடைப்புக்கட்டைக்குள் கடிதத்தை ஒளித்து அனுப்பலாம். பிரெஞ்சுத் தூதரகத்தில் தேங்கிக் கிடந்த பழைய கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தபோது அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கிஃபர்டு உண்மையில் எலிசபெத்தின் அமைச்சரும் ஒற்றர் தலைவருமான வால்சிங்காமின் ஆள். பீர்க்காரருக்கு இரண்டு பக்கமும் கூலி, பாலெட் தன் கடிதங்களில் அவரைக் குறிப்பிடுவதே ‘நேர்மையான மனிதர்’ என்றுதான்! போகிற வழியில் தாமஸ் ஃபெலிப்ஸ் என்ற அம்மைத் தழும்பு முகக்காரர் சங்கேதத்தை உடைத்துப் படிப்பார். முத்திரையை மறுபடி ஒட்ட தனியாக ஒருவர்.

பாபிங்டன் என்ற 24 வயது கத்தோலிக்க இளைஞன் ஜூலையில் மேரிக்கு எழுதினான்: அந்நியப் படை வரும், உங்களை மீட்போம், 6 பேர் எலிசபெத்தை முடித்துவிடுவார்கள். வால்சிங்காம் அன்றைக்கே அவனைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை, மேரியின் பதிலுக்குக் காத்திருந்தார். ஜூலை 17-ல் பதில் வந்தது, ‘அந்த 6 பேரையும் வேலையில் இறக்க வேண்டும்’ என்ற கருத்தோடு. ஃபெலிப்ஸ் நகல் எடுத்து அதன்மேல் ஒரு தூக்குமரம் வரைந்து அனுப்பினார். அத்தோடு விடவில்லை. பாபிங்டனுக்குப் போன கடிதத்தின் அடியில், அந்த 6 பேரின் பெயர் வேண்டும் என்று மேரி கேட்பதுபோல் அதே சங்கேதத்தில் ஒரு பின்குறிப்பைச் சேர்த்துவிட்டார். வழக்கில் மேரி மூலக்கடிதத்தைக் காட்டச் சொன்னாள். காட்ட முடியவில்லை. நகலும் வாக்குமூலங்களும்தான் இருந்தன. 1587 பிப்ரவரி 8-ல் ஃபோதரிங்கே கோட்டை மண்டபத்தில் எல்லாம் முடிந்தது.

சந்தர்ப்பம் கொடுத்துப் பிடித்தால் குற்றம் இல்லையா என்று கேட்பீர்கள். குற்றம்தான். நான் சுவர் ஏறத்தான் செய்தேன். ஆனால் திங்கட்கிழமையே கடிதத்தைப் படித்த மனிதர் அன்றே கூப்பிட்டு நாலு அறை கொடுத்திருக்கலாம். வெள்ளி இரவு வரை டார்ச்சை வைத்துக்கொண்டு ஏன் காத்திருந்தார்?

இன்னொன்று. ஒற்றர் கூட்டம் பயந்த அளவுக்கு உள்நாட்டுக் கத்தோலிக்கர்கள் துரோகிகளும் இல்லை. 1588-ல் ஸ்பெயினின் 130 கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்தபோது இங்கே ஒரு கத்தோலிக்கக் கலகம்கூட வெடிக்கவில்லை.

ஃபோதரிங்கே போக மூன்று முறை திட்டம் போட்டேன். இரண்டு முறை சூப்பர்வைசர் முந்தைய இரவு எட்டு மணிக்கு ஷிப்டை மாற்றினார். கேட்டால் ‘ஆப்பில் போட்டிருக்கிறோமே’ என்பார். சரி, அது வேறு கதை. மூன்றாம் முறை ஒரு நண்பர் காரில் போனோம். கோட்டை இல்லை. ஒரு புல்மேடு, கீழே நீன் ஆறு, கம்பிவேலிக்குள் ஒரு பெரிய கல்பாளம், அவ்வளவுதான். மேட்டில் முள்செடிகள், அவற்றை ‘மேரி ராணியின் கண்ணீர்’ என்கிறார்கள். திரும்பி வந்து பீட்டர்பரோ பேராலயத்திலும் பார்த்தேன். முதலில் அவளைப் புதைத்தது இங்கேதான். 1612-ல் மகன் ஜேம்ஸ் லண்டனுக்கு எடுத்துப் போய்விட்டான். எதிர்ப்பக்கம், அந்த முதல் மனைவி கேத்தரினின் கல்லறை. இரண்டு ராணிகளுக்கும் குழி வெட்டியவர் ஸ்கார்லெட் என்ற ஒரே கிழவர் என்கிறார்கள். மண்வெட்டியோடு அவர் படம் வாசலுக்கு மேலே தொங்குகிறது.

போன முறை ஊருக்குப் போனபோது அக்காவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கடைசி இன்லேண்ட் கிடைத்தது. நான் ஒட்டிய பருக்கை காய்ந்து மஞ்சளாக இருந்தது, அதன்மேல் பழுப்பாக ஒரு பூச்சுக் கோந்து. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்துதான், வார்டன் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.