பல்லுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 49 வயது. ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வலப்பக்கம் மேல் தாடையில் கடைசி மூன்று பற்கள் போய்ப் பல வருடமாகிறது. எலும்பு குறைந்துவிட்டதாம். கண்டியில் 8.5 லட்சம் ரூபா கேட்கிறார்கள்: எலும்பு வேலைக்கு 2.5, மூன்று இம்பிளாண்ட் (எலும்பில் நடும் செயற்கைப் பல்வேர்) தலா 1.4, மேலே வைக்கும் பற்களுக்கு 1.8. வங்கியில் 3 லட்சம் இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு சீட்டில் சேர்கிறேன், மாதம் 25,000 ரூபா, 12 பேர். மீதிக்கு நகையை அடகு வைக்கவா, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கவா?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தக் காசு முழுவதும் ஒரே நாளில் தேவைப்படாமல் போகலாம்.

மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் எலும்பு கீழிருந்து தேய்கிறது, சைனஸ் மேலிருந்து இறங்குகிறது. அதன் சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத்தூள் நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட். அது இறுக ஆறு மாதமளவில் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. பிறகு நடும் இம்பிளாண்ட் எலும்போடு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம். அப்புறம்தான் பல். இன்றே நகையை வைத்தால் எலும்பு இறுகும் மாதங்களுக்கெல்லாம் சும்மா வட்டி கட்டுவீர்கள்.

ஆகவே டொக்டரிடம் கேளுங்கள்: ‘என் எலும்பின் உயரம் எத்தனை மில்லிமீட்டர்?’ சிபிசிடி ஸ்கேனில், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரேயில், தெரியும். நாலைந்துக்குக் குறைவென்றால் பெரும்பாலும் மேலே சொன்ன மாதிரி இரண்டு கட்டம். அதற்கு மேலென்றால் லிஃப்டும் இம்பிளாண்டும் ஒரே நாளில் முடியலாம். அப்போது காசும் முன்னாலேயே வேண்டும். எட்டளவில் இருந்தால் குட்டை இம்பிளாண்ட் போட்டு எலும்பு வேலையையே தவிர்க்க வாய்ப்புண்டு. உங்கள் பட்ஜெட்டே இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

இன்னொன்று: மூன்று பல்லுக்கு மூன்று இம்பிளாண்ட் கட்டாயமா? இரண்டை நட்டு மேலே மூன்று பல் பாலமாக வைப்பதும் வழக்கம்தான். டொக்டர் சம்மதித்தால் 1.4 லட்சம் மிச்சம்.

சரி, இரண்டு கட்டம், இரண்டு இம்பிளாண்ட் என்றே வைப்போம். வங்கிக் காசில் எலும்பு வேலை, மிச்சம் 50,000. சீட்டை ஆறாம் ஏழாம் மாதத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த 3 லட்சத்தில் இம்பிளாண்டுக்கு 2.8. கையில் 70,000 நிற்கும். கடைசியில் பற்களுக்குக் குறைவது 1.1 லட்சம்தான். போனஸ் வராவிட்டால் அதற்கு மட்டும் ஏதோ ஒரு நகையை வையுங்கள். ஆனால் சீட்டை எடுத்தபிறகும் மாதம் 25,000 கட்டவேண்டும், மறக்காதீர்கள்.

ஈபிஎஃப் வேண்டாம். பெண்களுக்கு 50 வயதில் வேலையை விட்டால் எடுக்கலாம் என்பதால் ஆசை வரும். முதலாளி மாதாமாதம் போடும் 12 சதவீதத்தைப் பல்லுக்காக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முற்பணம் கட்டுமுன் பேராதனைப் பல் வைத்தியசாலையிலும் காட்டுங்கள். கண்டி பஸ் அந்த வழிதானே போகிறது. கழற்றி மாட்டும் பல் செட்டுக்கும் விலை கேளுங்கள், செலவு எவ்வளவோ குறைவு. சீனி வருத்தம் இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள், இல்லாவிட்டால் இம்பிளாண்ட் பிடிக்காமல் போகும் அபாயம் கூடும். எலும்போ இம்பிளாண்டோ பிடிக்காவிட்டால் மறுபடி செய்ய யார் காசு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.