இரண்டு இரவுக்கு எந்த விடுதி?

கேள்வி: என் தாயாரை ஒரு சிறப்பு மருத்துவரிடம் காட்டுவதற்காக அடுத்த மாதம் பெருநகரம் ஒன்றுக்குச் செல்கிறோம். இரண்டு இரவுகள் தங்க வேண்டும். இணையத்தில் தேடி இரண்டு விடுதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று நகரின் விளிம்பில் உள்ளது. அறை பெரியது, காலைச் சிற்றுண்டியும் வாடகையில் அடக்கம். மற்றொன்று மருத்துவமனைக்கு இரண்டு மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளி இருக்கிறது. அறை மிகச் சிறியது, வாடகையோ முதல் விடுதியைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. கையிருப்பு அளவானது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த விடுதிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நகர விளிம்பிலிருந்து மருத்துவமனைக்குச் செல்ல முக்கால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் போய் மாலையில் திரும்புவதென்றால் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் மருத்துவமனை வேலை அப்படி ஒரே மூச்சில் முடிவதில்லை. காலையில் இரத்தப் பரிசோதனை, மாலையில் மருத்துவரைச் சந்திப்பது என்று இடையில் நான்கைந்து மணி நேரம் சும்மா கழியும். அறை அருகில் இருந்தால் தங்கள் தாயார் அந்த நேரத்தில் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். தொலைவில் இருந்தால் வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நீங்கள் வாடகைக் கார் பிடிப்பீர்கள். நாளொன்றுக்கு நான்கு முறை அப்படிப் பிடித்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும். ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் நான் வேறு பதில் சொல்லியிருக்கக்கூடும். அப்போது பெரிய அறையும் துணி உலர்த்த இடமும் முக்கியமாகிவிடும். இரண்டு இரவுக்கு அறை என்பது ஒரு கட்டில், ஒரு குளியலறை, ஒரு பூட்டு, அவ்வளவுதான். இருவர் படுக்கும் கட்டிலே ஏறத்தாழ 3 சதுர மீட்டரை அடைத்துக்கொள்ளும் என்பதால், 10 சதுர மீட்டர் அறையில் பெட்டியைத் திறந்து வைக்கத்தான் இடம் தேட வேண்டியிருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வாடகை கடைசித் தொகைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தேடல் பக்கத்தில் ஒரு தொகையைக் காட்டிவிட்டு, பணம் செலுத்தும் பக்கத்தில் வரி, சேவைக் கட்டணம், துப்புரவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பது இத்தொழிலின் பழைய பழக்கம். அமெரிக்காவில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வர்த்தக ஆணைய விதி, அரசு வரி நீங்கலாக மற்றக் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த தொகையையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்கிறது. இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்பதற்கு அதுவே சான்று. நகர வரியை ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு விடுதியிலேயே நேரில் வாங்கும் ஊர்களும் உண்டு. எனவே இரண்டு விடுதிகளிலும் பணம் செலுத்தும் பக்கம்வரை சென்று, அங்கு தெரியும் தொகைகளை ஒப்பிடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவான கட்டணத்துக்கு ஆசைப்பட வேண்டாம். மருத்துவர் தேதியை மாற்றினால் முழுத்தொகையும் போய்விடும். குறிப்பிட்ட நாள்வரை இலவசமாக ரத்து செய்ய அனுமதிக்கும் கட்டணம் சற்றே கூடுதலாக இருந்தாலும் தங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் மலிவு.

இனி, பலரும் கவனிக்காத நேரக் கணக்கு. பெரும்பாலான விடுதிகளில் அறையைப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். மறுநாள் முற்பகல் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். ஆக ஓர் இரவு என்பது ஒரு நாள் அல்ல, 20 மணி நேரத்துக்கும் சற்று மேல் மட்டுமே. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் விடுதிகளும் இருக்கின்றன. இரவுப் பயணம் செய்து விடியற்காலையில் இறங்குபவர்களுக்கு அது பெரிய வசதி. நான் ஒருமுறை இதைக் கேட்காமல் பதிவு செய்துவிட்டு, காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றேன். அறை வேண்டுமானால் முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் விதிப்படிதான் பேசினார்கள், பிழை என்னுடையது. பிற்பகல்வரை முகம்கூடக் கழுவாமல் அங்கேயே சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

நட்சத்திரங்களைப் பெரிதாக நம்ப வேண்டாம். உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் கிடையாது. ஐரோப்பாவில் சில நாடுகள் 2009-இல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்ற அமைப்பின் மூலம் தங்களுக்குள் ஒரு பொது முறையை ஏற்படுத்திக்கொண்டனவே தவிர, மற்ற இடங்களில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. அதைவிட முக்கியமானது, நட்சத்திரம் பெரும்பாலும் வசதிகளை எண்ணிச் சொல்வதுதான் என்பது. லிஃப்ட் இருக்கிறதா, வரவேற்பு மேசையில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார் என்பவை அதில் வரும். நேற்றுப் போர்வை மாற்றினார்களா என்பது வராது. அதை அங்கே தங்கியவர்களின் கருத்துகளில்தான் தேட வேண்டும். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், கடைசி மூன்று மாதக் கருத்துகளை மட்டும் வரிசைப்படுத்தி, குறை சொன்னவற்றை முதலில் படியுங்கள். ஒருவர் மட்டும் சொல்லும் குறையை விட்டுவிடலாம். வெந்நீர் வரவில்லை, சாக்கடை நாற்றம், இரவெல்லாம் சத்தம் என்று மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அது உண்மை. பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லாப் பாராட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். படங்களும் அப்படியே: அகலக்கோண லென்ஸில் எடுத்தால் அலமாரிகூட மண்டபமாகத் தெரியும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவை. லிஃப்ட் உண்டா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? பழைய கட்டடங்களில் அரை மாடி ஏறிய பிறகுதான் லிஃப்ட் வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் பத்துப் படிகள் போதும். அறையில் ஜன்னல் உண்டா, அது வெளியே திறக்கிறதா? மிக மலிவாகக் காட்டப்படும் அறை பல நேரங்களில் ஜன்னலே இல்லாத அறையாக இருக்கும். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, மேற்கத்திய முறையிலானதா? காலி செய்த பிறகு மாலைவரை பெட்டிகளை வைத்திருப்பார்களா, அதற்குக் கட்டணம் உண்டா? இவற்றுக்கு எதிர்முனையில் இருப்பவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதிலிருந்தே அந்த விடுதி நடக்கும் விதம் பாதி விளங்கிவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காமல், குளியலறைத் தரையில் வைத்துவிட்டு மெத்தையின் விளிம்புத் தையலையும் தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். மூட்டைப்பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அது கண்ணில் படாவிட்டாலும் அதன் கரும்புள்ளிகள் தெரியும். தெரிந்தால் வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறையோ நேர்மேல் அறையோ வேண்டாம்.

கேள்வி: முன்பதிவு செய்து, உறுதிக் கடிதமும் வந்த பிறகு, இரவு பத்து மணிக்குப் போய் நின்றால் "அறை இல்லை" என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது?

பதில்: பதிவு செய்தவர்களில் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்கிட்டு, இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாகவே விடுதிகள் பதிவு செய்துகொள்வதுண்டு. கணக்குத் தவறும் நாளில், கடைசியாக வந்து சேர்பவர்தான் பெரும்பாலும் அகப்படுவார். எனவே தாமதமாக வருவதாக இருந்தால், அன்று பிற்பகலிலேயே தொலைபேசியில் வரும் நேரத்தைச் சொல்லி, பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அறை இல்லையென்றால் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். அதே தரத்தில் வேறு விடுதியில் அன்றிரவுக்கு அறை எடுத்துத் தந்து, அங்கு போகும் வண்டிச் செலவையும் ஏற்பது நல்ல விடுதிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். அதை மேசை முன் நின்று நிதானமாகக் கேட்டுப் பெற வேண்டும். இணையதளத்தின் மூலம் பதிவு செய்திருந்தால், அங்கிருந்தே அந்தத் தளத்தின் உதவி எண்ணையும் அழையுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வுக்காக ஓர் இரவு மட்டும் தங்க வேண்டும். பலர் படுக்கும் பொது அறை, அல்லது பெட்டி போன்ற கேப்சூல் அறை போதுமா? மிகவும் மலிவாக இருக்கின்றன.

பதில்: இரண்டும் மதிப்பான ஏற்பாடுகளே. இளைஞர் விடுதி என்ற எண்ணம் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் 1912-இல் நிலைபெற்றது. கேப்சூல் விடுதி ஜப்பானின் ஒசாகா நகரில் 1979-இல் தொடங்கியது. ஊர் சுற்றப் போவதாக இருந்தால் தயங்காமல் போகச் சொல்வேன். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவுக்கு இவை வேண்டாம் என்பதே என் கருத்து. மேல் படுக்கைக்காரர் நள்ளிரவில் பெட்டியைத் திறப்பார், ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் வைத்திருப்பார், குறட்டைக்கோ மருந்தே இல்லை. பணம் இடம் கொடுக்காவிட்டால் கேப்சூலையே எடுங்கள். அதிலாவது இழுத்து மூட ஒரு திரை இருக்கும். காது அடைப்பானும் சொந்தப் பூட்டும் கொண்டுபோங்கள். தேய்த்த சட்டையைத் தொங்கவிட இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இருக்காது.