ட்ரயலில் சேர்ந்தால் வெறும் மாத்திரைதான் தருவார்களா?

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. புது மருந்தை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வு (ட்ரயல்) ஒன்றில் சேரலாம் என்கிறார் டாக்டர். பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரைதான் என்கிறார்கள், உண்மையா? பணம் கட்டினால் புது மருந்துப் பிரிவிலேயே இடம் வாங்கித் தருவதாக ஒருவர் போன் செய்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில் அந்த போனை வையுங்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. பல ஆய்வுகளில் அது டாக்டருக்கே தெரியாது. அவருக்கே தெரியாத இடத்தை இந்த ஆள் எப்படி விற்பார்? முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் இணையதளம் (ClinicalTrials.gov) ஒன்று உண்டு. "கிளினிக்கல்ட்ரயல்ஸ் தளத்தில் பதிவு எண் இருக்கிறதே" என்று காட்டுவார்கள், ஏமாறாதீர்கள். பதிவு இருப்பதாலேயே ஆய்வு தரமானது என்று ஆகிவிடாது. அந்தத் தளமே அப்படித்தான் எச்சரிக்கிறது. பயந்துபோன குடும்பங்களைத் தேடிப்பிடித்துக் காசு பறிக்கும் இவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். புற்றுநோய்க்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டுப் போலி மாத்திரை மட்டும் தர மாட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொன்றுக்குப் புது மருந்து, அல்லது வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் புது மருந்து. போலி மாத்திரை வந்தாலும் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சைக்குக் கூடுதலாகத்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து, இனி வேறு சிகிச்சை தேவையில்லை, கவனித்து வந்தால் போதும் என்ற நிலை. நோய் திரும்பாமல் தடுக்க ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள். அங்கே ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரை மட்டும் தரலாம். ஏனென்றால் ஆய்வுக்கு வெளியே இருந்தாலும் அவர்களுக்கு மருந்து கிடைத்திருக்காது. நிரூபணமான சிகிச்சை எதுவுமே மிச்சமில்லாத நிலையிலும் இது நடக்கும். எப்படியானாலும் ஒப்புதல் படிவத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தப் படிவம் இருக்கிறதே! நோயாளிக்காக எழுத வேண்டியதை வழக்கறிஞருக்காக எழுதி வைக்கிறார்கள், பக்கம் பக்கமாக. அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "சேராவிட்டால் அம்மாவுக்கு என்ன சிகிச்சை?" என்று கட்டாயம் கேளுங்கள். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை நிற்காது.

அப்புறம், அம்மா ஆய்வில் சேரலாமா என்று பார்க்கும் தகுதிப் பரிசோதனை முடியும்வரை புதிதாக மூலிகை மருந்தோ வேறு சிகிச்சையோ ஆய்வுக் குழுவைக் கேட்காமல் தொடங்காதீர்கள். தொடங்கினால், அந்த மருந்து உடலைவிட்டுப் போக வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்லலாம். அதற்குள் ஆள் சேர்ப்பு முடிந்துவிடலாம்.