சிவப்பென்று வாங்கிய மேப்பிள் பச்சையாகிறதே!

கேள்வி: டொரான்டோவில் வசிக்கிறோம். ஏப்ரலில் ஒரு நர்சரியில் 180 டாலர் கொடுத்துச் சிவப்பு இலை ஜப்பானிய மேப்பிள் வாங்கி வீட்டு முன்புறம் நட்டோம். மே மாதத்தில் கருஞ்சிவப்பாக இருந்தது. ஆகஸ்டில் பாதி பச்சை. ஏமாந்துவிட்டோமா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் மரத்தடியில் குனிந்து பாருங்கள். பெயர் பெற்ற சிவப்பு ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். சிவப்பு ரகத்தைத் தாங்கி நிற்கும் வேர்ச்செடி சாதாரணப் பச்சை மேப்பிள். தண்டின் அடிப்பகுதியில் சிறு புடைப்போ, பட்டையின் நிறம் மாறும் கோடோ தெரியும். அதற்குக் கீழிருந்து பச்சைக் கிளை கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் வேலை. ஊரில் ஒட்டு மாங்கன்று வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று. அதை அடியோடு நறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் மேலே உள்ள சிவப்பை அது அமுக்கிவிடும். இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஒட்டுக்கு மேலே உள்ள இலைகளே பச்சையோடியிருந்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். இலையைச் சிவப்பாக்கும் ஆந்தோசயனின் நிறமிக்கு வெயில் வேண்டும். வீட்டு நிழலில் நின்றால் இலை வெண்கலப் பச்சைக்குப் போகும். அதற்காக நாள் முழுக்கக் காயவிட்டால் ஓரம் கருகும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் நல்லது. கோடை வெப்பத்தில் பல ரகங்கள் மங்கி, இலையுதிர் காலத்தில் மறுபடி சிவக்கும். ஆகவே அக்டோபர் வரை பொறுங்கள்.

இனி, கன்றோடு வந்த பெயர் அட்டை. அதைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? 'பிளட்குட்' என்று இருந்தால், கோடையிலும் நிறம் காப்பதற்காகவே விரும்பி வாங்கப்படும் ரகம் அது. நல்ல வெயிலில் நின்றும் பச்சையானால் கேள்வி கேட்கலாம். வெறும் 'அட்ரோபர்பூரியம்' (சிவப்பு இலை மேப்பிளுக்கான பொதுப்பெயர்) என்றிருந்தால், அந்தப் பெயரில் விதையில் முளைத்த கன்றுகளும் விற்பனைக்கு வருகின்றன. நிறம் கன்றுக்குக் கன்று மாறும். அந்த விலைக்கு ரகப் பெயரைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பேன். பல நர்சரிகள் ஓராண்டு உத்தரவாதம் தந்தாலும், அது பெரும்பாலும் மரம் பட்டுப்போனால்தான். எதற்கும் ரசீது, அட்டை, புகைப்படம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

உரத்தைக் கொட்டி நிறம் வரவழைக்கப் பார்க்காதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் மெலிந்த தளிர்தான் நீளும். முதல் இரண்டு கோடைகளுக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மரச்சீவல் மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும், தண்டைத் தொடக்கூடாது.

கேள்வி: சென்னையில் இருக்கும் தம்பி, 'பிளட்குட் விதை', 'நீல மேப்பிள் விதை' என்று இணையத்தில் பார்த்து வாங்கத் துடிக்கிறான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிளட்குட் விதையிலிருந்து பிளட்குட் வராது. விதை முளைக்கவே மூன்று மாதம்போலக் குளிரில் கிடக்க வேண்டும். முளைத்தாலும், குளிர்கால உறக்கம் கிடைக்காத சென்னையில் மரம் தேறாது. வெளிநாட்டு விதையைத் தருவிக்க இந்தியாவில் 2003 தாவரத் தொற்றுத்தடை ஆணையின்படி அனுமதியும் தாவர நலச் சான்றும் தேவை. நீல இலை மேப்பிள் என்று ஒரு மரமே கிடையாது. படத்தில் பூசிய நிறம் அது. பணம் கட்டிவிட்டிருந்தால் இன்றே ரத்து செய்யச் சொல்லுங்கள்.