டிஃபெனஸ்ட்ரேஷன்: தலைவரை ஜன்னல் வழியாகவா வீசினார்கள்?

ஒரு நிறுவனத் தலைவருக்கு 'டிஃபெனஸ்ட்ரேஷன்' நடந்தது என்று ஆங்கிலச் செய்தியில் படித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம், என் கட்டுரையிலும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், அந்தத் தலைவருக்கு அடி எதுவும் படவில்லை. டிஃபெனஸ்ட்ரேஷன் என்றால் நேர்ப்பொருள் ஆளை ஜன்னல் வழியாக வெளியே வீசுவதுதான். ஃபெனஸ்ட்ரா என்பது லத்தீனில் ஜன்னல். ஆனால் இன்றைய பத்திரிகை ஆங்கிலத்தில் பதவியிலிருந்து திடீரெனத் தூக்கியடிப்பதையும் இப்படிச் சொல்கிறார்கள்.

இந்தச் சொல் பிரபலமானது, இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராகு நகரில் நடந்த சம்பவத்தால். 1618 மே 23 அன்று புராட்டஸ்டண்ட் பிரபுக்கள், புனித ரோமப் பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் கோட்டை ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள். சுமார் 70 அடி உயரம், மூவருமே பிழைத்துக்கொண்டார்கள்! மேரி மாதா காப்பாற்றினாள் என்றது ஒரு தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது இன்னொன்று. செயலாளருக்குப் பிற்பாடு பேரரசர் கொடுத்த பட்டம் 'ஹோஹன்ஃபால்', அதாவது 'உயர்ந்த வீழ்ச்சி'. குசும்புதான். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் தொடங்கியதும் இதிலிருந்தே.

சரி, உங்கள் கட்டுரையில் போடலாமா? கூட இருந்தவர்களே சேர்ந்து கவிழ்த்திருந்தால் பொருந்தும். ஓய்வுபெற்றவருக்கும் தானாக விலகியவருக்கும் வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் எழுதினால் கிண்டலாகத்தான் படும்.