ஆறிதழ்ப் பூக்களை இணைத்துப் போர்வை பின்னுவது எப்படி?

கேள்வி, தனித்தனிப் பூக்கள் எப்படி இடைவெளி இல்லாமல் போர்வையாகின்றன என்பது. குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், 'ஆப்பிரிக்கன் ஃப்ளவர்' என்ற ஆறிதழ்ப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் அது அறுகோணமாகிவிடும். அறுகோணங்கள் தேன்கூட்டு அறைகளைப் போல ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்.

முதல் சுற்றில் வளையத்துக்குள் இரண்டிரண்டாக 12 டபுள் குரோஷே (அமெரிக்க முறைப் பெயர்; ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான தையல்), ஒவ்வொரு ஜோடிக்கும் பிறகு ஒரு சங்கிலி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு சங்கிலி இடைவெளியிலும் 2 டபுள், 1 சங்கிலி, 2 டபுள். மூன்றாவதில் அந்த நடுச் சங்கிலிக்குள் 7 டபுள் போட்டால் இதழ் விரியும். பிறகு வேறு நிறத்தில் இதழைச் சுற்றி சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான தையல்). இரண்டு இதழ்களுக்கு நடுவே மட்டும் ஊசியைக் கீழ்ச் சுற்று வரை இறக்கி நீளத் தையல் போடுங்கள். பூவின் அழகே அந்த ஒரு தையலில்தான். ஐந்தாம் சுற்றில் ஆறு மூலைகளிலும் 2 டபுள், 1 சங்கிலி, 2 டபுள்.

பூவின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 12 செ.மீ. இருந்தால், 10, 9 என மாறி மாறி 14 வரிசை, அதாவது 133 பூக்கள், ஏறக்குறைய 120-க்கு 150 செ.மீ. போர்வை தரும். வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால் ஒவ்வொன்றும் நீளத்தில் சுமார் 10.4 செ.மீ. மட்டுமே கூட்டும்.

நூல் முனைகளைப் பூ முடிந்ததுமே உள்ளே கோத்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் மலைப்பாகிவிடும். இணைக்கும் முன் எல்லாப் பூக்களையும் நனைத்து, ஒரே அளவுக்குக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். தினமும் துவைக்கும் போர்வைக்கு நான் பருத்தி நூலையே சொல்வேன், கனம் கூடினாலும்.